கிறிஸ்துமஸ் காலத்து மன உளைச்சலில் ‘பிடிஎஸ்டி கோச்’ செயலி எவ்வளவு தூரம் துணைவரும்?

பெரும் அதிர்ச்சி ஒன்றைக் கடந்து வந்தவர் ஆண்டின் மற்ற மாதங்களில் தன் நாள்களை ஓரளவு தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முடியும். நெரிசலான இடங்களைத் தவிர்க்கலாம், மனத்தைக் கலக்கும் பாடலை அணைத்துவிடலாம், பார்க்க விரும்பாதவரைப் பார்க்காமலே காலத்தைக் கடத்தலாம். டிசம்பர் பிறந்ததும் இந்தச் சுதந்திரம் மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போகிறது. தெருவெங்கும் விளக்குகள், கடைதோறும் ஒரே பாடல்கள், மறுக்க முடியாத அழைப்புகள், ஓராண்டாகச் சந்திக்காத உறவினர்கள், இவை அனைத்துக்கும் மேலாக ‘இந்த நாளிலாவது சிரித்த முகத்தோடு இரு’ என்ற எதிர்பார்ப்பு. இத்தகைய காலத்தில் கைப்பேசிச் செயலி ஒன்றால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானதே. பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், உள்ளவர்களுக்கான ‘பிடிஎஸ்டி கோச்’ செயலியைச் சில டிசம்பர்களாகப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில், அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையைச் சேர்ந்த தேசிய பிடிஎஸ்டி மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடன் சேர்ந்து 2011இல் இச்செயலியை வெளியிட்டது. போர்முனையிலிருந்து திரும்பியவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டாலும், விபத்து, வன்முறை, பேரிடர், பாலியல் கொடுமை என எந்த அதிர்ச்சிக்கு ஆளானவரும் இதைப் பயன்படுத்தலாம். மருத்துவர் நோயை உறுதி செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் கிடைக்கிறது, கட்டணம் கிடையாது, பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. தன் நிலையைப் பிறர் அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சுபவருக்கு இந்தக் கடைசி அம்சம் எவ்வளவு முக்கியமானது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். நோயைப் பற்றி அறிந்துகொள்ளுதல், அறிகுறிகளை அளந்து பதிவு செய்தல், அந்தந்த நேரத்து வேதனையைச் சமாளித்தல், உதவி தேடுதல் என நான்கு பகுதிகளாக இது அமைந்துள்ளது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இச்செயலி நல்லது, நம்பிக் கைக்கொள்ளத் தக்கது. ஆனால் அதன் பயன் கிறிஸ்துமஸ் இரவில் அதைத் திறப்பதில் இல்லை. நவம்பர் மாதக் கடைசியிலேயே அதை நமக்கேற்ப அமைத்து, சில பயிற்சிகளை உடலுக்குப் பழக்கிவைப்பதில்தான் இருக்கிறது. முன்னேற்பாடு இல்லாமல் நெருக்கடியின் நடுவில் முதன்முறையாகத் திறப்பவர் ஏமாற்றத்துடன் மூடிவைக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்கு இச்செயலி தேவைப்பட்ட காரணம் ஒரு சாலை விபத்து. கிறிஸ்துமஸ் வாரத்து இரவொன்றில் நடந்த அவ்விபத்தில் என் தம்பியை இழந்தேன். அதன்பின் அணைந்து அணைந்து எரியும் சிவப்பு, நீல வண்ண விளக்குகளைக் காணும்போதெல்லாம் என் உடல் என்னைக் கேளாமலே அந்தச் சாலையோரத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆம்புலன்ஸின் சுழல் விளக்குக்கும் கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றியிருக்கும் தொடர் விளக்குக்கும் உள்ள வேறுபாடு அறிவுக்குத் தெரிகிறது. நெஞ்சுத் துடிப்புக்குத் தெரிவதில்லை. பிடிஎஸ்டி என்பதன் இயல்பே இதுதான். நடந்து முடிந்த ஒன்றை மூளை கடந்த காலத்தில் வைக்காமல், அதன் சாயல் தென்படும் இடத்திலெல்லாம் ஆபத்து இப்போதே நிகழ்வதாக எச்சரிக்கிறது. இந்த நிலைக்கு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன்பு இப்படி நடுங்கியவர்களைக் கோழைகள் என்றும் பலவீனர்கள் என்றும் உலகம் எளிதாக ஒதுக்கியது.

சமாளிக்கும் பகுதி இந்த நடுக்கத்தை நேராகக் கையாள்கிறது. அதைத் திறந்தால் முதலில் வருவது ஒரு பட்டியல்: பழைய நிகழ்வு நினைவுக்கு வருகிறது, பிறரிடமிருந்து விலகிவிட்டதுபோல் இருக்கிறது, சுற்றி நடப்பவை மெய்யல்லாதவைபோல் தோன்றுகின்றன, கோபமாக இருக்கிறது, உறக்கம் வரவில்லை. இவற்றில் நமக்கு நேர்வதைத் தொட்டதும், அந்த நேரத்து வேதனையின் அளவைக் குறிக்கச் சொல்லும் அளவுமானி ஒன்று வருகிறது. குறித்த பிறகு அதற்குப் பொருத்தமான பயிற்சி ஒன்றைச் செயலி எடுத்துத் தருகிறது. பயிற்சி முடிந்ததும் மீண்டும் அளவைக் கேட்கிறது.

உறவினர் வீட்டுக் கூட்டமொன்றில் இதைப் பயன்படுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. கூடத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். சன்னல் நெடுகிலும் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. கைகள் குளிர்ந்து, காதில் இரைச்சல் எழத் தொடங்கியதும் மாடிப்படியில் போய் அமர்ந்து செயலியைத் திறந்தேன். அளவுமானியில் 8 குறித்தேன். நிகழ்காலத்தில் மனத்தை ஊன்றச் செய்யும் பயிற்சி வந்தது: எதிரே இருக்கும் பொருள்களின் பெயரைச் சொல்வது, உள்ளங்கை தொட்டுக்கொண்டிருப்பதன் தன்மையை உணர்வது, பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனிப்பது. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைப் பற்றினேன். அதன் வண்ணப்பூச்சு ஓரிடத்தில் உரிந்து சொரசொரப்பாக இருந்தது. அந்தச் சொரசொரப்பின் மேல் விரலை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். மீண்டும் குறித்தபோது அளவு 5 ஆகியிருந்தது. முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடிவிடுவதற்கும், விடைபெற்றுக்கொண்டு கிளம்புவதற்கும் உள்ள வேறுபாடு அந்த மூன்று புள்ளிகளில் இருந்தது.

முன்பும் பின்பும் அளவைக் கேட்கும் இந்தச் சிறு ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கடும் அச்சத்தின் பிடியில் இருப்பவருக்கு அந்த நிலை முடிவில்லாதது என்றே தோன்றும். அது இறங்கக்கூடியது என்பதை வேறொருவர் சொன்னால் மனம் ஏற்பதில்லை. தானே குறித்த எண் இறங்குவதைக் கண்டால் ஏற்கிறது. மூச்சுப் பயிற்சியும் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் இதே வகையில் உதவுகின்றன. பின்னதை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உருவாக்கினார். கருவிகள் எதுவும் தேவைப்படாத அப்பயிற்சியை விருந்து மேசையின் அடியில் கால்விரல்களை மட்டும் கொண்டுகூடச் செய்யலாம்.

பிடிக்காத பயிற்சியைப் பிடிக்கவில்லை என்று குறித்துவிட்டால் செயலி அதை ஒதுக்கிவைக்கிறது. ஊக்கமூட்டும் பொன்மொழிகளை நான் அவ்வாறே ஒதுக்கினேன். துக்கத்தில் இருப்பவர் டிசம்பர் மாதத்தில் கேட்டுச் சலித்த வகைச் சொற்கள் அவை. அவற்றைக் கைப்பேசியிடமிருந்தும் கேட்க வேண்டியதில்லை. பிறருக்கு அவை ஆறுதல் அளிக்கலாம்.

அறிகுறிகளை அளக்கும் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பலர் தேர்வுத்தாள்போல் எண்ணித் தவிர்த்துவிடுகிறார்கள். மனநல வல்லுநர்கள் பயன்படுத்தும் 20 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலே இதில் உள்ளது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. கூட்டுத்தொகை 30ஐத் தாண்டுமானால் வல்லுநர் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். அந்த எண்ணே நோயை உறுதி செய்துவிடாது. ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைவிட, சீரான இடைவெளியில் எடுத்த மதிப்பெண்கள் வரைபடமாகத் தெரிவதில்தான் இதன் அருமை இருக்கிறது. என் வரைபடத்தில் உச்சம் கிறிஸ்துமஸ் நாளில் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களிலேயே ஏறிவிடுகிறது. நாள் நெருங்குவதை எண்ணி உடல் முன்கூட்டியே விறைத்துக்கொள்கிறது என்பதை அந்தக் கோடு காட்டாமல் நான் உணர்ந்திருக்க மாட்டேன். அதுவரை டிசம்பர் தொடக்கத்து எரிச்சலையும் உறக்கமின்மையையும் வேலைப்பளு என்றே கருதியிருந்தேன்.

அதிர்ச்சி நிகழ்ந்த நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அறிகுறிகள் கூடுவதை மருத்துவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். தனிப்பட்ட இழப்புகளுக்கு மட்டும் இது பொருந்துவதன்று. 1974இல் கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைச் சூறையாடிய டிரேசி புயலும், 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடலின் கரைகளை வாரிச் சுருட்டிய ஆழிப்பேரலையும் பெருந்திரளான மக்களுக்குப் பண்டிகையையும் பேரிழப்பையும் ஒரே நாள்காட்டித் தாளில் எழுதிவைத்துவிட்டன. அத்தகையோரின் வீட்டில் விளக்கேற்றாமல் இருப்பதற்கு விளக்கம் கேட்பது எவ்வளவு கொடுமை!

நவம்பர் இறுதியில் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளைப் பற்றி: மனத்தை அமைதிப்படுத்தும் படங்களையும் ஒலிகளையும் நம் சேகரிப்பிலிருந்தே சேர்த்துக்கொள்ளச் செயலி இடம் தருகிறது. அதில் பண்டிகைப் படங்களையோ இழந்தவரின் படத்தையோ சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அன்பானவரின் முகம் ஆறுதல் தரும் என்று தோன்றும். ஆனால் நெருக்கடியான நேரத்தில் அது ஆறுதலா, புதிய அலையா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மரம், நீர்நிலை, வளர்ப்புப் பிராணி என நினைவுச்சுமை இல்லாத படங்களே பாதுகாப்பானவை. பயிற்சிகளில் இரண்டு மூன்றை விருப்பத்துக்குரியவையாகக் குறித்துவைத்து, மனம் அமைதியாக இருக்கும் நேரங்களில் செய்து பழக வேண்டும். அமைதியில் பழகாத மூச்சுப் பயிற்சி பதற்றத்தில் கைகொடுப்பதில்லை. சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும் என்பதையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. அப்படிப்பட்டவர்கள் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவதைக் கவனிக்கும் பயிற்சியை நாடலாம்.

உதவி தேடும் பகுதியில் இருக்கும் அவசர உதவி எண்கள் அமெரிக்காவுக்கு உரியவை. வேறு நாட்டில் இருப்பவர் தம் நாட்டு மனநல உதவி எண்ணையும், நள்ளிரவில் அழைத்தாலும் எடுக்கக்கூடிய இரண்டு மனிதர்களின் எண்களையும் தாமே சேர்த்துவைக்க வேண்டும். அந்த இருவரிடமும் முன்பே பேசி, ‘இந்த மாதத்தில் நான் அழைக்கக்கூடும், அறிவுரை எதுவும் வேண்டாம், மறுமுனையில் இருந்தால் போதும்’ என்று சொல்லிவைப்பது செயலிக்கு வெளியே செய்ய வேண்டிய வேலை. ஆனால் அதைச் செய்யாவிட்டால் அந்தப் பகுதியே வெறும் எண்களின் பட்டியலாக நின்றுவிடும்.

தமிழில் இச்செயலி இல்லை என்பது பெரிய குறை. பதறிப்போயிருக்கும் வேளையில் தாய்மொழிச் சொல்லே எளிதில் உள்ளே செல்லும். ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களுக்குக்கூட, அழுதுகொண்டே ஆங்கில அறிவுறுத்தல்களைப் படிப்பது சுமைதான். பயிற்சி ஒன்றின் படிகளை என் சொற்களில் தமிழில் எழுதி, என் குரலிலேயே பதிவு செய்து, செயலியின் ஒலிச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலமே தெரியாத முதியவர்களுக்கு இதுவும் இயலாது; அவர்களுக்கு வீட்டில் ஒருவர் அருகிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். இதே மையம் உருவாக்கிய ‘பிடிஎஸ்டி ஃபேமிலி கோச்’ என்ற செயலி குடும்பத்தினருக்கானது. அதுவும் பார்க்கத் தக்கது.

மொழியைவிடவும் நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. தூண்டும் இடங்களையும் மனிதர்களையும் தொடர்ந்து தவிர்த்துக்கொண்டே இருந்தால் அச்சம் வலுப்பெறும் என்று செயலி கற்பிக்கிறது. மருத்துவ நோக்கில் இது சரியே. தவிர்த்தல் என்பது பிடிஎஸ்டியின் அடிப்படை அறிகுறிகளில் ஒன்று. விளக்குகளைப் பார்க்கக்கூடாது என்று டிசம்பர் முழுவதும் சன்னலைச் சாத்தி வைத்திருந்தால், அடுத்த டிசம்பரில் சன்னல் இன்னும் கனமாகிவிடும். ஆனால் இந்தப் பாடத்தைக் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது சிலருக்குத் தீங்காக முடியும். சிறுவயதில் தனக்குக் கொடுமை இழைத்த உறவினர் அதே விருந்து மேசையில் அமரப்போகிறார் என்றால், அங்கே போகாமல் இருப்பது நோயின் அறிகுறி அன்று, தன்னைக் காத்துக்கொள்ளுதல். ஆபத்து இல்லாத இடத்தில் எழும் அச்சத்தை எதிர்கொள்வது வேறு. ஆபத்து உண்மையாகவே இருக்கும் இடத்துக்குத் தன்னைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு. ‘எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிடக் கூடாதா, பண்டிகை நாளாயிற்றே’ என்று வற்புறுத்தும் குடும்பங்களில் வளர்ந்தவருக்கு இந்த வேறுபாட்டைத் தனியே பிரித்தறிவது கடினம். செயலியின் பாடப்பகுதி பண்டிகைக் காலத்துக்கெனத் தனியாக இதைத் தெளிவுபடுத்தியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். இதை முடிவு செய்வதற்கு ஒரு செயலியை நம்ப வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஆலோசகரிடம் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

துக்கமும் இச்செயலியின் எல்லைக்குள் முழுமையாக வருவதில்லை. அதிர்ச்சியின் அறிகுறி அச்சம். இழப்பின் அறிகுறி ஏக்கம். எனக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. விளக்குகளைக் கண்டு நடுங்கும்போது செயலி துணை நிற்கிறது. தம்பிக்கென்று பரிசு எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது கடையில் திடீரென்று உறைக்கும்போது அதனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நீண்டகாலமாகத் தணியாத துக்கத்தை 2022இல்தான் அமெரிக்க நோய் வகைப்பாட்டு நூலும் தனி நிலையாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கான சிகிச்சையும் வேறானது. இழந்தவரைப் பற்றிப் பேசும் மனிதர்கள், அவர் பெயரில் ஏற்றும் மெழுகுவத்தி, துயருற்றோருக்காகச் சில தேவாலயங்கள் ஆண்டின் மிக நீண்ட இரவையொட்டி நடத்தும் அமைதியான ஆராதனை ஆகியவை அந்த ஏக்கத்துக்கு நெருக்கமானவை. அத்தகைய ஆராதனையில் யாரும் மகிழ்ச்சியாக இருக்கச் சொல்வதில்லை. அழுவதற்கு இடம் விடுகிறார்கள்.

மனநல ஆலோசகர்கள் பலர் விடுப்பில் செல்வதும் இதே வாரங்களில்தான். என் ஆலோசனை நிலையமும் ஓர் ஆண்டில் இவ்வாரங்களில் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டிருந்தது. அந்த இடைவெளியை ஓரளவு கடக்க இச்செயலி உதவியது. பயிற்சிகள் பெரும்பாலும் இணைய இணைப்பு இல்லாமலே இயங்குவதால் பயணத்திலும் கைவிடுவதில்லை. ஆயினும் சிகிச்சையின் இடத்தை இது நிரப்பாது. அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் மீண்டும் அணுகிப் பழகுதல், நிகழ்வைப் பற்றி மனத்தில் இறுகிப்போன எண்ணங்களை ஆராய்ந்து மாற்றுதல், கண்ணசைவுகளோடு நினைவைக் கையாளுதல் ஆகிய முறைகள் ஆய்வுகளில் பயன் தந்தவை. அவற்றைப் பயிற்சி பெற்ற வல்லுநரிடமே பெற வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் பயிற்சிகளைத் தேடிக்கொண்டிராமல் உதவி எண்ணையோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ உடனே நாட வேண்டும். செயலியும் இதைத்தான் சொல்கிறது.

கிறிஸ்துமஸ் காலத்தில்தான் தற்கொலைகள் உச்சம் தொடுகின்றன என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, தற்கொலைகள் குறைவாக நிகழும் மாதங்களில் டிசம்பரும் ஒன்று. வேதனை இல்லை என்பது இதற்குப் பொருளாகாது. ஆள்கள் சூழ இருப்பதும் ஒரு காவலாக அமையக்கூடும். அதனால் விருந்தினர் கிளம்பிப் போன பிறகு வரும் நாள்களையே நான் கூடுதல் கவனத்துடன் பார்க்கிறேன். விளக்குகளை அவிழ்த்துப் பெட்டியில் வைத்தாயிற்று என்றதும் பலர் செயலியையும் மறந்துவிடுகிறார்கள். மதிப்பீட்டுக்கான நினைவூட்டலைச் சனவரி முடியும் வரை அணைக்காமல் வைத்திருப்பது நல்லது. நான் அந்த இரண்டு மாத வரைபடத்தைப் படமெடுத்துவைத்து, விடுமுறைக்குப் பின் நடக்கும் முதல் சந்திப்பில் ஆலோசகரிடம் காட்டுகிறேன். எந்த வாரத்தில் கோடு ஏறியது, அவ்வாரத்தில் என்ன நடந்தது, எந்தப் பயிற்சிக்குப் பிறகு உறங்க முடிந்தது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். அடுத்த நவம்பரில் என்ன செய்ய வேண்டும் என்பதை அக்குறிப்புகளிலிருந்தே இருவருமாகத் திட்டமிடுகிறோம்.